வலது கண்ணில் நீர்

செவ்வாய், இரவு. சேக்காடு.

எனக்கு இசை ஞானம் கிடையாது. ஒரு பாட்டு சோகமா, சந்தோஷமா என்பதை என் மனைவி கமலாவின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். கச்சேரியில் அவள் கண் கலங்கினால் நானும் கைக்குட்டையை எடுப்பேன். பக்கவாதம் வந்தபின் அந்த முகத்தில் எதுவும் தெரிவதில்லை. என்னை அடையாளம் தெரிகிறதா என்பதே சந்தேகம். பிடித்த இசையைப் போட்டுப் பாருங்கள் என்றார் டாக்டர்.

இன்று அவள் எப்போதும் கேட்கும் வயலினைப் போட்டேன். அவளைக் கவனித்துக்கொள்ள வரும் செல்வி, கஞ்சியோடு உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“இன்னா நைனா, சாவு ஊடு கணக்கா போட்டுகினு கீற? அம்மா அழுவுது பாரு!”

அது சோகமான இசை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். வலது கன்னம் நனைந்திருந்தது. செல்விக்கு ஒரே சந்தோஷம். வாதம் வந்தது அந்தப் பக்கம்தான், அந்தக் கண்ணில் நீர் தானாகவே வடியும் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இடது கன்னம் தலையணையில் புதைந்திருந்தது. முகத்தைத் திருப்பிப் பார்த்திருக்கலாம். பாட்டை நிறுத்திவிட்டு வந்துவிட்டேன்.

தலையணை உறையை இன்னும் மாற்றவில்லை. தொட்டுப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது.