வாணிக்குப் படைத்த பாஸ்தா

தியாகதுருகம்
ஆடி மாதம் 24

அன்பு மகன் வீரமணிக்கு அம்மா பெரியநாயகி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அப்பாவும் உடம்போடு உயிராக இருக்கிறோம், செவலை மாடு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது, நீயும் அங்கே வேளைக்குத் தின்று காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க நம் குலசாமி பார்த்துக்கொள்ளட்டும். நலம் விசாரிப்பது இதோடு முடிந்தது. இனிமேல் எழுதுவதெல்லாம் கோபத்தில் எழுதுவது, அதனால் நின்றுகொண்டு படிக்காமல் ஓரிடத்தில் உட்கார்ந்து படி. போனில் சொல்லலாம் என்றுதான் நாலு நாள் பார்த்தேன், பாதிப் பேச்சில் டூட்டி இருக்குதுமா என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. அஞ்சாவது படித்த கை, தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள். கள்ளக்குறிச்சியில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஷேக் பரீத் பாய் மகன் வசீம் வெள்ளிக்கிழமை துபாய்க்குக் கிளம்புகிறான், அவன் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன்.

போன வெள்ளிக்கிழமை உன் தங்கச்சி கோகிலவாணிக்குப் பூவாடை படைத்தோம். உனக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருக்கிறது, கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண் அந்த வீட்டுக்குச் சாமி, அவளை அழைத்துப் படைத்து அவள் உத்தரவு கொடுத்த பிறகுதான் பத்திரிகையில் மஞ்சள் தடவ வேண்டும், இதெல்லாம் உனக்குத் தெரியும். உயிரோடு இருந்தபோது அவள் எதற்கு ஆசைப்பட்டாளோ அதை இலையில் வைக்க வேண்டும் என்பதும் தெரியும். எதற்கு ஆசைப்பட்டாள் என்பதும் உனக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே போனில் என்ன சொன்னாய், சக்கரப் பொங்கலு வடை வச்சி முடிச்சிடுமா, அதெல்லாம் இன்னாத்துக்கு என்று சொன்னாய். அதெல்லாம் என்றால் எதெல்லாம். மூன்று வருசத்துக்கு முன்னால் நீ லீவில் வந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்ததே, அதுவா. நீ அங்கே ஓட்டலில் இறாலும் கணவாயும் போட்டு பாஸ்தா கிளறுகிற வீடியோவை அவள் ஜவுளிக்கடையில் கூட வேலை செய்கிற பெண்களுக்கெல்லாம் காட்டுவாள், எங்க அண்ணன் எங்க அண்ணன் என்று. ஞாயித்துக்கெழம நம்ம வூட்டுலயே செஞ்சி தரேன் வாணி, நீ எறா மட்டும் வாங்கி வச்சிடு என்று சொன்னது நீ. அவள் கேட்கவில்லை, நீயாகச் சொன்னாய். அவள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் கள்ளக்குறிச்சி போய், கடலூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வருகிற இறாலை வாங்கிவந்து, உரித்துக் குடல் எடுத்து மஞ்சள் போட்டு அலசி குண்டானில் மூடி வைத்துவிட்டுத் தலைக்குக் குளித்து உட்கார்ந்திருந்தாள். நீ சிநேகிதர்களோடு வண்டியைக் கிளப்பிக்கொண்டு கல்வராயன் மலைக்கு, மேகம் அருவியில் குளிக்கப் போய்விட்டாய். மதியத்துக்குள் வந்துவிடுவேன் என்றாய். மூன்று மணிக்கு மேல் ஐஸ் எல்லாம் கரைந்து வாடை வர ஆரம்பித்தது, நான்தான் எடுத்துப் புளி கரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தேன். அவள் அதில் ஒரு துண்டு தொடவில்லை. நீ பொழுது சாய வந்து அந்தக் குழம்பையே ஊற்றித் தின்றுவிட்டு, செம டேஸ்ட்டுமா என்றாய். அடுத்த லீவுக்குக் கண்டிப்பா செய்றேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுச் செவ்வாய்க்கிழமை பிளைட் ஏறினாய். அடுத்த லீவு வருவதற்குள் டெங்கு அவளை ஆறே நாளில் கொண்டுபோய்விட்டது. அதற்கு நீ வரவில்லை என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை, கம்பெனிக்காரன் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை, நீ போனில் அழுததையும் நான் கேட்டேன். நான் கேட்பது அந்த ஞாயிற்றுக்கிழமையை.

சரி, நானே செய்கிறேன் என்று முடிவு பண்ணினேன். உன் பெரியப்பா காசிநாதன், பூவாடைக்குப் போயி புழு மாதிரி எதையோ வக்கிறன்ற, கொழந்த கோச்சிக்கினு போய்டும் என்றார். அவ இன்னாத்துக்கு ஆசப்பட்டான்னு உங்களுக்குத் தெரியுமா மாமா, நீங்க வந்து எலையில குந்துங்க, அது போதும் என்று சொல்லிவிட்டேன். பாய் கடையில் பாஸ்தா கேட்டால் அவர் குச்சி மாதிரி ஒரு பாக்கெட்டும் சங்கு மாதிரி ஒரு பாக்கெட்டும் எடுத்து வைத்து எதும்மா என்றார். எனக்கு என்ன தெரியும். உனக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. விசயத்தைச் சொன்னதும் பாய் குச்சிப் பாக்கெட்டைத் தள்ளி வைத்துவிட்டு, சங்கு எடுத்துக்கினு போங்கம்மா, உள்ளார மசாலா தங்கும் என்றார். கடைக்காரருக்கு இருந்த அக்கறை உனக்கு இல்லை. எப்படிச் செய்வது என்று உன்னை மூன்று தரம் கேட்டதற்கு நீ அனுப்பியது ஒரே ஒரு வாய்ஸ். பின்னால் பாத்திரம் உருளுகிற சத்தத்தில், தண்ணி கடல் தண்ணி மாதிரி உப்பா இருக்கணும்மா, அதான் முக்கியம், மிச்சம் உனுக்குத் தெரியாததா, பூண்டு தக்காளி வதக்கி எறா கணவா போட்டுக் கலக்கிடு என்று பேசி அனுப்பிவிட்டாய். வெந்ததும் அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும் என்று நீ சொல்லவே இல்லை. நான் சேமியா உப்புமா கிண்டுகிறவள், உப்புமாத் தண்ணீரை எவளாவது வடிப்பாளா. எல்லாம் உள்ளுக்கு இழுக்கட்டும் என்று மூடிவைத்தேன். கடல் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று எனக்கு எப்படித் தெரியும் என்று நீ ஒரு நிமிசம் யோசித்தாயா. இத்தனை வயசில் நான் கடலைப் பார்த்தது ஒரே தரம்தான், கடலூரில், வாணி சாம்பலைக் கரைக்கப் போனபோது. மூன்று முழுக்குப் போடச் சொன்னார்கள். மூன்றாவது முழுக்கில் அலை அடித்து வாய் நிறையப் போனது. எனக்குத் தெரிந்த கடல் உப்பு அதுதான். அதை நினைத்துக்கொண்டே கல் உப்பை அள்ளி அள்ளிப் போட்டேன். படையலுக்குச் செய்வதை நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது, அது உனக்கு மறந்தே போய்விட்டது, கரண்டிக்குக் கரண்டி நக்கிப் பார்த்துச் சமைக்கிற இடத்தில் இருக்கிறாய். நான் மூச்சுக்கூட மேலே படக் கூடாது என்று வாயில் துணியைக் கட்டிக்கொண்டு கிளறினேன்.

பொழுது இறங்கும்போது அவளை அழைக்கக் கிணற்றடியில் செம்பு நிறுத்திப் பம்பைக்காரர் அடிக்க ஆரம்பித்தார். நம் வீட்டில் எப்போதும் உன் அத்தை கொளஞ்சியம்மாள் மேல்தான் சாமி இறங்கும். அன்றைக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றதோடு சரி. யம்மா வாணி, உங்க அண்ணனுக்குக் கல்யாணம், உத்தரவு குடுத்துட்டுப் போம்மா என்று பம்பைக்காரர் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிக்கொண்டது, நடுவில் ஒரு தரம் டீ குடித்துவிட்டு வந்துகூட அடித்தார். யார் மேலும் வரவில்லை. அண்ணி, எனக்கு ஒண்ணுமே தெரியல, சும்மா ஆட சொல்றீங்களா என்று அத்தை என் காதோடு கேட்டாள். வேண்டாம் என்றேன். அப்படியே செம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து, அவளுக்கு எடுத்த பச்சைச் சுடிதார் மேல் வளையலும் பூவும் வைத்து, இலையில் பாஸ்தாவை வைத்துக் கற்பூரம் காட்டினோம். உன் பெரியப்பாவுக்குப் பசி. கேஸ் அடுப்பாண்ட பல்லி கத்துச்சி, அதான் உத்தரவு, எலையப் போடுங்க என்றார். வேறு யார் காதிலும் அந்தப் பல்லி கத்தவில்லை. பல்லி உங்களுக்கு மட்டும் தனியா போன் பண்ணுச்சா மாமா என்று கேட்டேன், எல்லாரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் வாய் வைத்ததும் அவரே எழுந்து வாசலுக்கு ஓடினார். துப்பிவிட்டு வந்து, இன்னா பெரியநாயகி, எறாவ கடலோட சேத்துப் புடிச்சாந்துட்டியா என்றார். அத்தை துப்பவும் மாட்டாமல் முழுங்கவும் மாட்டாமல் கண்ணில் தண்ணீர் முட்ட உட்கார்ந்திருந்தாள். நானும் வாயில் வைத்துப் பார்த்தேன். கடலூர்த் தண்ணீர்தான். உன் அப்பா மட்டும் குனிந்த தலை நிமிராமல் இலையை வழித்துத் தின்றுகொண்டிருந்தார். பிரஷருக்கு மாத்திரை போடுகிற மனுசன். ஏன்யா, நாக்கு செத்துப்போச்சா உனுக்கு, உப்புன்னு வாயத் தொறந்து சொன்னா இன்னா என்று எல்லார் முன்னாலும் அவர் மேல் பாய்ந்தேன். கொழந்தைக்கு வச்சது, கொட்ட மனசு வரல என்றார். மறுநாள் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன், நர்ஸ் என்னைத்தான் திட்டினாள். இப்போது தேவலை. மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்றப் போக வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன், நீ கவலைப்பட்டுக்கொண்டு போன் போடாதே.

உப்பு ஜாஸ்தியானதால்தான் வாணி வரவில்லை என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். இவர்களுக்கு முன்னே எது பின்னே எது என்று தெரியவில்லை. இலை போடுவதற்கு முன்னாலேயே, கிணற்றடியிலேயே அவள் வரவில்லை. என் கை பாஸ்தாவை அவள் எப்போது கேட்டாள். நான் தெரியாமல் போய் நடுவில் நுழைந்துவிட்டேன். சொன்னவன் நீ, நீதான் செய்ய வேண்டும். நீயே போய் இறால் வாங்கி, நீயே உட்கார்ந்து உரித்து, இந்த வீட்டு அடுப்பில் நாக்கில் வைக்காமல் செய். அதற்கு அப்புறம் அவள் வருவாளா மாட்டாளா என்பது அவள் இஷ்டம், அதில் நான் தலையிட மாட்டேன்.

அதனால் திங்கள்கிழமை திருநாவலூருக்குப் போய் உன் கல்யாணத் தேதியை நிறுத்திவிட்டு வந்தேன். உன்னைக் கேட்கவில்லை. ஆவணியில் வேண்டாம், தையில் வைத்துக்கொள்ளலாம் என்று பெண் வீட்டில் சொன்னேன். ஜெயசுதாவின் அப்பா, மண்டபம் புடிச்சாச்சி, சனத்துக்கெல்லாம் சொல்லியாச்சி, ஒரு நூடுல்ஸ்க்காவ கல்யாணத்த நிறுத்துவீங்களா என்று கத்தினார். பெண்ணைப் பெற்றவர், அவர் கோபம் நியாயம்தான். அவள் அம்மா குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஜெயசுதா மட்டும் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூட வந்தாள். பஸ் வந்து நின்ற பிறகு, அத்தை, ஒண்ணு கேக்கறேன் தப்பா எடுத்துக்காதீங்க, நான் அவர போன்லதான் பாத்திருக்கிறேன், ஒண்ணு சொன்னாருன்னா செய்வாரா என்றாள். பெற்றவள் நான், கேட்ட வாய் மூடுவதற்குள் செய்வான் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் முந்தானையில் முடிந்திருந்த பஸ் காசை அவிழ்த்துக்கொண்டு நின்றேன் வீரமணி. கண்டக்டர் ஏறும்மா ஏறும்மா என்று அவசரப்படுத்தினான், ஏறி உட்கார்ந்துவிட்டேன். பஸ் திரும்புகிற வரைக்கும் அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு நீ போனில் எதுவும் சொல்லிச் சமாதானம் பண்ணாதே. வந்து காட்டு.

எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் பார்த்து நில், ஈரத் தரையில் பழைய செருப்போடு நடக்காதே. எத்தனை கோபம் இருந்தாலும் விளக்கு ஏற்றும்போது உன் பேரைச் சொல்லித்தான் கும்பிடுகிறேன், கை கால் சுகத்தோடு நூறு வருசம் இரு. தை பிறப்பதற்குள் வந்து சேர். டிக்கெட் போட்ட தேதியை மட்டும் அப்பா போனுக்கு அனுப்பு, வேறு எதுவும் அனுப்ப வேண்டாம்.

உன் வரவைப் பார்த்து,
கோபம் ஆறாத உன் அம்மா
க. பெரியநாயகி