வாப்பாவைப் பற்றிக் கேட்டார்கள்

வாசித்,
ஹிஜ்ரி 238, ரஜப் பிறை 10

அன்புத் தம்பி குதைபாவுக்கு, லாத்தா ஹுமைதாவின் ஸலாம்.

உடம்பு எப்படி இருக்கிறது? கோபத்தோடுதான் கேட்கிறேன், ஆனாலும் கேட்கிறேன்.

பக்தாதில் நாணல் பேனா விற்றுவிட்டுத் திரும்பிய வியாபாரி ஒருவர், நேற்று அஸர் தொழுகை முடிந்ததும் எல்லார் முன்னாலும் வாப்பாவிடம் சொல்லியிருக்கிறார்: "பெரிய பள்ளிவாசல்ல உங்களைப் பத்தி உங்க மகன்கிட்டக் கேட்டாங்க. ஹதீஸ் சொல்றதுல பலவீனமானவர், அவர் சொல்றதை எழுதாதீங்கன்னுட்டார்."

வாப்பா வீட்டுக்கு வந்து தலைப்பாகையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். சாப்பிடவில்லை. "பெத்த அப்பனையே பொய்யன்னு சொல்லிட்டானா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்கிறார். இந்த ஊரில் பாதிப் பேர் அவரிடம் நபியின் வாக்கான ஹதீஸ்களைக் கேட்டு எழுதியவர்கள். இனி அவர்கள் முகத்தில் அவர் எப்படி விழிப்பார்?

நீ சொல்லவில்லை என்று ஒரு வரி எழுது. அதை அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.

உன் லாத்தா
ஹுமைதா

பக்தாத்,
ரஜப் பிறை 22

என் அன்பு லாத்தாவுக்கு, வஅலைக்குமுஸ் ஸலாம்.

அந்த வரியை என்னால் எழுத முடியாது. சொன்னேன்.

ஆனால் வியாபாரி பாதியை விழுங்கிவிட்டார். பொய்யர் என்று நான் சொல்லவில்லை. வாப்பாவின் நாக்கு பொய் அறியாது. அவரைப் படுக்கையில் போட்ட அந்தக் காய்ச்சலுக்கு முன் அவரிடம் கேட்டதை எழுதுங்கள், பின்னால் கேட்டதை விட்டுவிடுங்கள் என்றேன். ஓர் ஆசிரியர் சொன்னதை இன்னொருவர் பெயரில் சொல்லிவிடுகிறார், இரண்டு ஹதீஸை ஒன்றாக்கிவிடுகிறார்.

முதலில், "வேறு யாரிடமாவது கேளுங்கள்" என்று நழுவித்தான் பார்த்தேன். கேட்டவர் விடவில்லை, காரணத்தைச் சொன்னார். வாப்பா அப்படிக் கலந்து சொன்ன ஒன்றைக் காட்டி, ஒருவன் தன் தங்கைக்குச் சொத்தில் பங்கில்லை என்று காஜியிடம் வழக்காடுகிறான். நபி சொல்லாத ஒன்று, நபி பெயரில், நம் வாப்பாவின் வாயால்! நான் எப்படிச் சும்மா இருப்பேன்? சொல்லிவிட்டு ஆற்றங்கரைக்குப் போய் அழுதேன்.

லாத்தா, நீ கூடவே இருக்கிறாய். உனக்குத் தெரியாதா? அவருடைய பழைய ஏடுகள் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. கண் மங்கியதால் நினைவிலிருந்து சொல்கிறார். நீ படி, அவர் கேட்கட்டும். அப்படிச் சொல்வதை நானே முதல் ஆளாக எழுதிக்கொள்வேன்.

தம்பி
குதைபா

வாசித்,
ஷஃபான் பிறை 25

தம்பி,

நீ பக்தாதில் இருந்துகொண்டு நியாயம் எழுதுகிறாய். உம்மாவின் பெயர் சொல்லி என்னை அழைக்கிற மனுஷனுக்கு நான் "என்ன வாப்பா" என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தெரியாமல் இருக்குமா? வாய் திறக்கத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

உன் கடிதத்தை வாப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பிடுங்கி எறிந்தார். சில நாள் போனது. பிறகு ஒரு காலையில், "எந்த ஹதீஸாம் அது?" என்றார். பெட்டியைத் திறந்து ஏட்டில் இருப்பதைப் படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

"நான் இப்படியா சொன்னேன்?"

"இல்ல வாப்பா. மாத்திச் சொன்னீங்க."

அப்போதே காஜிக்கு எழுதச் சொன்னார், தான் சொன்னது தவறு என்று. அந்தப் பெண்ணுக்குப் பங்கு கிடைத்துவிட்டதாகப் பதில் வந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனார். நான் திரைக்குப் பின்னால் பெண்களோடு இருந்தேன். உன்னைக் கண்டாலே ஆகாதே அந்த முஹல்லப், அவர் எழுந்து வாப்பாவிடம் கேட்டார்: "சவ்வாரே, மகன் உங்களைப் பத்திச் சொல்லிட்டான். அவனைப் பத்தி நீங்க சொல்லுங்க. அவன் நம்பத் தக்கவனா?"

எல்லார் கையிலும் பேனா. வாப்பா 'இல்லை' என்றிருந்தால், இனி உன்னிடம் எவன் வந்து ஹதீஸ் எழுதுவான்?

"நம்பத் தக்கவன்" என்றார் வாப்பா. "எழுதிக்குங்க. என்னைப் பத்தி அவன் சொன்னதையும் சேர்த்து எழுதிக்குங்க."

இப்போது காலையில் நான் படிக்கிறேன், அவர் கேட்கிறார், திரைக்கு அந்தப் பக்கம் மாணவர்கள் எழுதுகிறார்கள். ஒரு பெயரைத் தப்பாகப் படித்தால் போதும், "ஏம்மா, கண்ணை எங்க வச்சிருக்க?" என்று தரையைத் தட்டுகிறார்.

உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. "ஊருக்கெல்லாம் சொன்னவன், முதல்ல என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல?" என்கிறார். அதற்குப் பதிலை நீயே வந்து சொல்லிக்கொள்.

நோன்புப் பெருநாளைக்கு வா. பக்தாதில் நீ எழுதி வைத்திருப்பதையெல்லாம் தூக்கிக்கொண்டு வரச் சொல்கிறார். "அதுல எத்தனை தப்பு இருக்குன்னு நான் பார்க்கணும்" என்கிறார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், தம்பி.

உன் லாத்தா
ஹுமைதா