ஆணியில் கட்டிய விமானம்

உங்களுக்கு,

பெயர் போட்டு எழுதக் கை வரவில்லை. நீங்கள் இருந்தபோதும் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இங்கேருங்க' என்றால் திரும்பிப் பார்ப்பீர்கள். இப்போதும் அப்படியே திரும்பியதாக வைத்துக்கொள்கிறேன்.

இன்று காலை கறுப்பு நூல் தேடினேன். தையல் டப்பாவில் இல்லை, மேஜை இழுப்பறையில் இல்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய பிஸ்கட் டப்பாவை இழுத்து மூடியை நெம்பியதும் விளக்கெண்ணெய் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. வெறும் விளக்கெண்ணெய் இல்லை, கருகிய விளக்கெண்ணெய். அந்த வாடை உங்கள் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டின் வலது பைக்கு மட்டும்தான் உண்டு. கோட்டைப் போன குளிர்காலத்தில் யாருக்கோ கொடுத்துவிட்டேன். டப்பா இருந்தது எனக்குத் தெரியாது.

உள்ளே உங்கள் குட்டி விமானத்தின் எஞ்சின். எலுமிச்சம்பழம் அளவுதான், பழுப்பேறிப் பிசுக்குப் பிடித்துக் கிடந்தது. கூடவே ஒரு நீள ஆணியும் ஒரு சுருள் நைலான் கயிறும். எஞ்சினின் தண்டைத் திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. எண்ணெய் இறுகினால் சுடுதண்ணீரில் போடு என்று நீங்கள் சொல்வது நினைவுக்கு வந்தது. நூலை அப்படியே விட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். தண்ணீர் கொதிக்கும்வரை ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. மயூர் விஹாரின் இந்த இரண்டு அறைக்குள் எத்தனை தடவை நடந்தேன் என்று நீங்கள் இருந்தால் சொல்லியிருப்பீர்கள்.

அப்போது நாம் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நீங்கள் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா, நான் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். கல்யாணமாகி மூன்று வருஷம். குவைத்தில் இரண்டு வருஷ வேலைக்கு என்னை எடுத்துக்கொள்வதாகக் கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் சம்மதக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். ஊரில் அப்பா படுக்கையில், கல்யாணத்துக்கு இரண்டு தங்கச்சிமார். போக வேண்டும் என்று எனக்கு இருந்தது. தங்கச்சிமாருக்காக மட்டும் இல்லை, எனக்காகவும்தான். இதை அப்போது உங்களிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். உங்களைத் தனியே விட்டுப் போக மனம் வராததும் உண்மை.

"போகவா, வேண்டாமா? வாயத் தொறந்து சொல்லுங்க."

"உன் இஷ்டம்ட்டி."

கடிதம் வந்த அன்று இப்படிச் சொன்னீர்கள். மறுநாளும் இதேதான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். போ என்றால் போகலாம், போகாதே என்றால் சண்டை போட்டுவிட்டுப் போகலாம். உன் இஷ்டம் என்றால் என்ன செய்வது?

அதே வாரம்தான் மோதி பாக் மைதானத்தில் யாரோ ஒரு சின்ன விமானம் பறக்கவிட்டதைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சு இல்லை. லைப்ரரியிலிருந்து பழைய பத்திரிகைகள், தரையெல்லாம் பால்ஸா என்கிற லேசான கட்டையின் சீவல், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் பசைக் குப்பி. நான் நிஜ விமானம் ஏறுவதைப் பற்றிக் கேட்கிறேன், நீங்கள் முழ நீளத்து விமானத்துக்கு இறக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறீர்கள். விளையாட்டுப் பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டேனே என்று பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டே கழுவுவேன். உங்கள் காதில் விழும்படித்தான்.

அடுத்தது எஞ்சின். முதலில் டீசல் எஞ்சின் என்றீர்கள், அதுதான் சல்லிசு. ஆனால் அதற்கு எண்ணெயோடு, ஆபரேஷனில் மயக்கத்துக்குக் கொடுக்கிற ஈதர் கலக்க வேண்டும். "உங்க ஆஸ்பத்திரியில ஈதர் இருக்கும்லா?" என்று தலையைச் சொறிந்துகொண்டு கேட்டீர்கள். நான் முறைத்துப் பார்த்தேன். அதோடு டீசல் கதை முடிந்தது. பிறகு குளோ எஞ்சின். தலையில் ஒரு சின்ன பிளக், பேட்டரியைத் தொட்டால் அதற்குள் கம்பி கனலும், குடிப்பது மெத்தனாலும் விளக்கெண்ணெயும். மெத்தனால் என்றதும் எனக்குப் பகீரென்றது. சாராயம் என்று அதைக் குடித்துவிட்டுக் கண் போய் வார்டில் கிடந்தவர்களைப் பார்த்தவள் நான். குப்பியில் தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூன்றிலும் விஷம் என்று எழுதி ஒட்டிப் பெட்டியில் பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொண்டேன். எரிபொருள் வேண்டுமானால் என்னிடம் வந்து நிற்க வேண்டும். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

கரோல் பாக் கடைக்கு மூன்று சனிக்கிழமை கூட்டிப் போனீர்கள். சர்தார்ஜி இரண்டு எஞ்சின்களை எடுத்து வைப்பார். ஒன்று ஜப்பான் எஞ்சின், ஐந்து சி.சி.க்கு மேல், கண்ணாடி போல மின்னும். மற்றது ஒன்றரை சி.சி., யாரோ ஓட்டிவிட்டு விற்றது. நீங்கள் பெரியதைக் கையில் எடுத்து எடை பார்ப்பீர்கள், வெளிச்சத்தில் திருப்புவீர்கள், வைப்பீர்கள், மறுபடி எடுப்பீர்கள். கடைசியில் சின்னதின் தண்டை விரலால் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஸோச்கர் பதாவூங்கா" என்று யோசித்துச் சொல்வதாகக் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவீர்கள். மூன்றாவது தடவை நானே சின்னதைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு இடத்தில் மூச்சை அடக்கி, பிறகு விரலைத் தள்ளிவிட்டு எழுந்தது. நல்ல நாடி.

"சின்னதே போதும்னு நெனைக்கேன்" என்றீர்கள் பஸ்ஸில்.

உங்கள் கண் எதில் இருந்தது என்று பார்த்தவளுக்கு அது போதுமா? கஞ்சத்தனம், இல்லாவிட்டால் எனக்காக விட்டுக்கொடுக்கிறார் என்று முடிவு கட்டினேன். கேட்கவில்லை. கேட்டுவிட்டுச் செய்யும் பழக்கம் எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது? டியூட்டி முடிந்த ஒரு மத்தியானம், யூனிஃபார்ம் மேலேயே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போய், எனக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்து, ஜப்பான் எஞ்சினை வாங்கிவிட்டேன். சர்தார்ஜிக்கு ஆச்சரியம். "பெஹன்ஜி, பாயி சாப் சின்னதைத்தானே கேட்டார்?" என்று இந்தியில் கேட்டார். "அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும்" என்றேன். பஸ் முழுக்க என் மடியில் அது கனத்தது. போகிறவள் கொடுத்துவிட்டுப் போகிறாள் என்று ஒரு நிம்மதி. லஞ்சம்தான், வேறென்ன.

நீங்கள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தீர்கள். முகம் ஒரு நிமிஷம் மலர்ந்தது, நான் பார்த்தேன். பிறகு துணியில் சுற்றி என் கையில் திருப்பி வைத்தீர்கள்.

"இது வேண்டாம்ட்டி. குடுத்துட்டுச் சின்னத வாங்கிட்டு வா."

"ஏன்?"

"சின்னதே போதும்."

அவ்வளவுதான். அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் கையால் கொடுத்தது வேண்டாம் என்கிறார், நான் போவது பிடிக்கவில்லை, அதை வாயால் சொல்லத் தைரியமில்லாமல் எஞ்சின்மேல் காட்டுகிறார் என்று நினைத்தேன். இரண்டு நாள் பொட்டலத்தை அலமாரியில் போட்டுப் பூட்டி வைத்தேன். மூன்றாம் நாள் நானே போய் மாற்றி வந்து, சின்ன எஞ்சினை மேஜைமேல் டொக்கென்று வைத்தேன். நீங்கள் அதை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தீர்கள், தடவிக்கொடுக்காத குறைதான். எரிச்சல் இன்னும் ஏறியது.

மாதத்தின் கடைசி ஞாயிறு. கோயிலில் பாதிரியார் ஆராதனையை முடிக்கிறவரை உங்கள் கோட்டுப் பையிலிருந்து அந்த வாடை. முன் பெஞ்சு அம்மாள் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து நேரே மைதானம். என் கைப்பையில் குவைத் கடிதம், கையெழுத்துப் போடாமல்.

ரேடியோ வைத்து ஓட்டுவதெல்லாம் அப்போது நமக்கு எட்டாது. உங்கள் விமானம் கம்பியில் பறப்பது. இறக்கையிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள், மறுமுனையில் கைப்பிடி. நடுவில் நின்று நீங்கள் சுற்றச் சுற்ற அது உங்களைச் சுற்றிப் பறக்கும். எஞ்சினைக் கிளப்பியதும் ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஓட்டுகிறவர் நடுவில் போய்க் கைப்பிடியை எடுத்துக் கை காட்டியதும் விட்டுவிட வேண்டும். அந்த ஒருவர் நான்தான் என்று நானே முடிவு செய்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். குவைத் போகிறவள்தான், அந்த நேரத்தில் அது தோன்றவே இல்லை.

நீங்கள் பையிலிருந்து ஒரு நீள ஆணியை எடுத்தீர்கள். கல்லால் தரையில் அடித்தீர்கள். விமானத்தின் வாலை ஒரு வளையத்தில் மாட்டி ஆணியோடு கோத்து, வளையத்திலிருந்து நைலான் கயிற்றை மைதானத்தின் நடுவரை இழுத்துப் போட்டீர்கள்.

"இது என்னத்துக்கு? நான் பிடிக்க மாட்டேனா? எனக்குக் கை இல்லையா?"

"நீ அங்கன தள்ளி நில்லு."

"ஏன்னு கேக்கேம்லா?"

நீங்கள் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள். "நீ இல்லாத ஞாயித்துக்கிழமையும் இது பறக்கணும்லா. பெரிய எஞ்சின்னா ஆணியப் பிடுங்கிட்டுப் போயிரும், ஆள் வேணும். இதுக்கு ஒரு ஆள் போதும்."

நான் தள்ளிப் போய் நின்றேன். நீங்கள் பேட்டரியை மாட்டி, விரலால் விமானத்தின் முன் விசிறியைத் தட்டினீர்கள். நாலாவது தட்டில் விரலில் அடி வாங்கினீர்கள், ஏழாவதில் பிடித்தது. மைதானத்து நாய்களெல்லாம் குரைத்தன. நீங்கள் நடுவுக்கு ஓடிக் கைப்பிடியை எடுத்து, இடக்கையால் கயிற்றை வெடுக்கென்று இழுத்தீர்கள். வளையம் கழன்று, விமானம் ஆணியை விட்டுக் கிளம்பியது. மூன்று சுற்று, நாலு சுற்று. இரண்டு கையும் சும்மா இருக்க எனக்கு அழுகை வந்தது. ஒரு மாதமாக எந்த எஞ்சின் என்று நீங்கள் அலைந்தது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. போ என்று நீங்கள் சொல்லியாகிவிட்டது, எனக்குத்தான் கேட்கவில்லை.

இறங்கியதும் உங்கள் விரலுக்குக் கட்டுப் போட்டேன். அன்று சாயங்காலம் கையெழுத்துப் போட்டேன். பேனாவை நீங்கள்தான் மூடி கழற்றிக் கொடுத்தீர்கள்.

குவைத்துக்கு வாரம் ஒரு கடிதம் வரும். உங்களுக்கு எழுதவும் வராது, அதுவும் பேச்சு மாதிரிதான். சமையல், ஆபீஸ், வெயில் என்று நாலு வரி. கடைசி வரி மட்டும் மாறாது: 'ஞாயிறு பறந்தது. ஆணி தாங்கியது.' ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து முதலில் அந்தக் கடைசி வரியைத்தான் படிப்பேன். அது இருந்தால் மற்றது எல்லாம் சரி. ஒரு வாரம் அது இல்லை. துடித்துப் போய் எழுதிக் கேட்டேன். காய்ச்சல் என்று பதில் வந்தது.

திரும்பி வந்த பிறகு நான் விமானத்தைப் பிடித்திருக்கிறேன், எத்தனையோ ஞாயிறு. ஆனாலும் ஆணியைப் பையில் போடாமல் நீங்கள் மைதானத்துக்குக் கிளம்பியதில்லை. சந்தேகப் பிராணி என்று கேலி செய்தேன். அந்த இரண்டு வருஷத்துக்கு நன்றி என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் 'என்னத்துக்கு' என்று கேட்டிருப்பீர்கள். அதற்காகச் சொல்லாமல் இருந்தது தப்பு.

சுடுதண்ணீரில் அரை மணி கிடந்தது எஞ்சின். மேலே எண்ணெய் மிதந்தது. துணியில் பிடித்துத் திருப்பினேன். முதலில் முரண்டு பிடித்தது, பிறகு மெல்ல நகர்ந்தது, ஒரு இடத்தில் மூச்சை அடக்கி, விரலைத் தள்ளிவிட்டு எழுந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதே நாடி. கையை எடுக்க மனமில்லாமல் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

உங்கள்மேல் கோபமும் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். நான் போவதற்கு உங்களுக்கு ஒரு மாதம் கிடைத்தது. எஞ்சின் பார்த்தீர்கள், ஆணி பார்த்தீர்கள். நீங்கள் போனபோது எனக்கு ஒரு மத்தியானம்கூடக் கொடுக்கவில்லை. காப்பி போட்டுத் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. இது இரண்டாவது குளிர்காலம், இன்னும் எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் மோசம். விரிப்புகளைத் துவைத்துக் காயப்போட்டு எடுப்பேன், மடிக்கப் போனால் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. ஆஸ்பத்திரி மடிப்பு மடிப்பவளுக்கு மூலை சேராமல் இருந்தால் பொறுக்காது, உங்களுக்குத் தெரியும். இத்தனை நாளும் சுருட்டித்தான் அலமாரியில் திணித்தேன்.

இன்றும் ஞாயிறுதான். சாயங்காலம் அம்மிக் குழவியை எடுத்து, உங்கள் ஆணியைப் படுக்கையறைச் சுவரில் அடித்தேன். விரிப்பின் ஒரு பக்கத்து இரண்டு மூலையையும் நைலான் கயிற்றில் முடிந்து அதில் மாட்டினேன். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து, விறைப்பாக இழுத்து, நாலாக மடித்தேன்.

மடிப்பு கொஞ்சம் கோணல். ஆணி தாங்கியது.