கோடாலிக் கட்சி

ஜூன் 9, திங்கள்

ஜூன் பிறந்தாலே இங்கே குளிர்காலம்தான். மழை, அப்புறம் பனி. அடுப்புக் குழாய் மறுபடியும் அடைத்துக்கொண்டது. வானொலி அறை முழுக்கப் புகை. இருமிக்கொண்டேதான் செய்திகளை வாசித்தேன். மயோர்கா வீட்டுக்கு: வியாழக்கிழமை ஆற்றுத் துறைக்கு இரண்டு குதிரை கொண்டுவரவும். ஏரிக்கரை எல்விராவின் அம்மாவுக்கு: ஆண் குழந்தை, இருவரும் நலம். தொலைபேசி எட்டாத இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோர் வீட்டுச் சமாச்சாரமும் என் வாய் வழியாகத்தான் போகிறது. நிலையத்து ஜன்னலில் வந்து யார் எதைச் சொன்னாலும் எழுதிக்கொண்டு அப்படியே வாசிக்க வேண்டும். மறுக்கக் கூடாது. வேலையில் சேர்ந்த அன்று எனக்குச் சொன்ன ஒரே விதி அதுதான்.

பிறகு நாவல். தலைநகரத்தில் சக்கைப்போடு போடுகிறதாம். ஊருக்கே ஒரு பிரதி, அதனால் தினமும் ஒரு அத்தியாயம் நான் வாசிக்கிறேன், மற்றவர்கள் கேட்கிறார்கள். மாடுகளை இறக்கிவரப் போன அமாரோவும் பிராவ்லியோவும் மலைக் குடிசையில் பனியில் சிக்கிக்கொள்கிறார்கள். இன்று கடைசிக் குதிரையைக் கொன்றார்கள். குடலை இழுத்துப் போட்டுவிட்டு, சூடு ஆறுவதற்குள் வயிற்றுக்குள் கையை விட்டுக் குளிர் காய்ந்தார்கள். வாசிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஊருக்கு என்னவோ ஏக சந்தோஷம்.

ஜூன் 12, வியாழன்

அமாரோ கோடாலியை எடுத்துவிட்டான்.

பிராவ்லியோவுக்குக் கால் முறிந்து போயிற்று, நடக்க வழியில்லை. அவன் தூங்கும்போது மண்டையில் ஒரே அடி. பிறகு அவனுடைய தோல் காலணியைக் கழற்றித் தான் மாட்டிக்கொள்கிறான். கிளம்பும் முன் விறகு பிளந்து அடுக்கி, மேலே தீப்பெட்டியை வைக்கிறான். குடிசையை விட்டுப் போகிறவன் அடுத்து வருகிறவனுக்கு விறகும் தீயும் வைத்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். நாவலாசிரியருக்கு இங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஜன்னலில் ஒரே கூட்டம். ஊர் இரண்டாகிவிட்டது. வாசித்த கருத்துகளில் சில:

"கால் ஒடிஞ்ச குதிரையை நாம என்ன பண்ணுவோம்? மனுசன்னா மட்டும் கெடந்து இழுக்கணுமா? அமாரோ செஞ்சது சரி."

"ஒரே குவளையில மாத்தே டீ குடிச்சவன்யா அவன். தூங்குறவனை வெட்டுறவன் எல்லாம் ஆம்பளையா?"

"வெட்டுனதைக்கூட விட்ரலாம். செத்தவன் செருப்பை மாட்டுனான் பாரு, அவன் வெளங்கவே மாட்டான்."

"இதை எழுதுன ஆளு பனியில ஒரு தடவையாவது ஒண்ணுக்குப் போயிருக்காரான்னு கேட்டுச் சொல்லு, நோல்ஃபா."

சரி என்பவர்களுக்குக் கோடாலிக் கட்சி என்று வானொலியிலேயே பெயர் வைத்தேன். என் வாய்க்கொழுப்பு.

ஜூன் 14, சனி

லிந்தோரின் மதுக்கடையில் அடிதடி. கோடாலிக் கட்சிக்காரன் ஒருவன் மற்றவன் தலையில் புட்டியை உடைத்தான், அவன் இவன் காதைக் கடித்துத் துப்பினான். லிந்தோர் காதைத் துடைப்பத்தால் தள்ளி எடுத்து உப்பு நீரில் போட்டு வைத்தானாம். நாவலுக்காக. நம்ப முடிகிறதா?

என் அண்ணன் பெலார்மினோவும் அங்கே இருந்திருக்கிறான். ரிகோபெர்த்தோ சோத்தோ விளையாட்டாகத்தான் கேட்டானாம், "நீங்க எந்தக் கட்சிண்ணே?" அண்ணன் கையில் இருந்த கண்ணாடிக் குவளையை நெரித்தே உடைத்துவிட்டு, ரத்தம் சொட்டச் சொட்ட எழுந்து போய்விட்டான்.

அவனிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. ஏழு குளிர்காலத்துக்கு முன் அண்ணனும் ரிகோபெர்த்தோவின் அப்பா செஃபெரினோவும் மாடு இறக்கத்தான் மலைக்குப் போனார்கள். அண்ணன் மட்டும் வந்தான், பனியில் கால்விரல்கள் கருகி. செஃபெரினோ கால் ஒடிந்து, தான் கிளம்பும் முன்பே காய்ச்சலில் செத்துவிட்டார் என்றான். பனி உருகியதும் போய்ப் பார்த்தார்கள். குடிசையில் பிணம், பக்கத்தில் அழகாக அடுக்கிய விறகு. அந்த நிலையிலும் வழக்கத்தை விடாதவன் என்று ஊரே அவனைக் கொண்டாடியது. எனக்கும் பெருமைதான்.

ஜூன் 17, செவ்வாய்

செஃபெரினோவின் மனைவி ஓர்த்தென்சியா அக்கா ஜன்னலுக்கு வந்தாள். நாவலைப் பற்றி ஒரு கருத்து சொல்ல வேண்டும் என்றாள். பென்சிலை எடுத்தேன்.

"கதையில அமாரோ தீப்பெட்டி வச்சுட்டுப் போறான். எங்க வீட்டுக்காரர் பக்கத்துல வெறகு இருந்துச்சு, தீப்பெட்டி இல்ல. அவரைக் குளிப்பாட்டுனது நான். ரெண்டு உள்ளங்கையும் எலும்பு தெரியத் தோல் உரிஞ்சு கெடந்துச்சு. நகத்துக்குள்ள எல்லாம் மரச்சிராய். செத்துப்போன மனுசன் எதுக்குக் கட்டையோட கட்டையைத் தேய்க்கணும்? இதுதான் என் கருத்து."

எழுதி முடித்தும் தலையைத் தூக்க எனக்குத் தைரியம் வரவில்லை. "அக்கா, இதை..." என்றேன்.

"மத்தவங்க சொன்னதை எல்லாம் வாசிச்சேல்ல? இதையும் வாசி" என்றாள்.

வாசித்தேன்.

ஜூன் 18, புதன்

தப்பு செய்துவிட்டேனா? ஒரு தாளைக் கிழித்து அடுப்பில் போட எவ்வளவு நேரம் ஆகும்? அவள் சொன்னது பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லையே, ஏன்?

ஜூன் 20, வெள்ளி

அண்ணன் வீட்டு வாசற்கதவில் அவனுடைய நாயைப் பின்னங்காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கழுத்தை அறுத்து, வாய்க்குள் விறகுச் சிராய்களைத் திணித்து. பனி எல்லாம் சிவப்பு. போலீஸ்காரர் வந்து பார்த்தார், யாரென்று தெரியவில்லை என்றார். தெரியாதாம். ஊருக்கே தெரியும், ரிகோபெர்த்தோ என்று.

ஜூன் 21, சனி

அண்ணன் வந்தான். மாத்தே கொடுத்தேன், குடிக்கவில்லை. நான் நேராகவே கேட்டேன்.

"நீ கெளம்புனப்ப செஃபெரினோ உசுரோட இருந்தாரா?"

"இருந்தான். பேசிக்கிட்டே இருந்தான். வெறகு அவனுக்காகத்தான் வெட்டுனேன், அடுத்தவனுக்கு இல்ல. மூணு நாள்ல ஆளோட வர்றேன்னேன். சரிடான்னான்."

"தீப்பெட்டி?"

"என் சட்டைப் பையில. ஆத்தைத் தாண்டினப்புறம் சுருட்டு பத்த வைக்கக் கையை விட்டேன். அப்பத்தான் தெரிஞ்சது."

"திரும்பிப் போயிருக்கலாம்ல?"

"போயிருக்கலாம்."

"இங்க வந்தாவது சொல்லியிருக்கலாம்ல? ஆளுங்க போயிருப்பாங்களே?"

"அதுக்குள்ள வெறச்சிருப்பான்னு நெனச்சேன், நோல்ஃபா. செத்துட்டான்னு வாயில வந்துருச்சு. வந்தப்புறம் மாத்த முடியல."

ஓங்கி அறைந்தேன். உதடு கிழிந்தது. இன்னொன்றும் அறைந்தேன். வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஓர்த்தென்சியா சொன்ன அந்த உள்ளங்கைகளை நினைத்தேன். எத்தனை நாள் தேய்த்திருப்பார் அந்த மனிதர், பக்கத்திலேயே விறகை வைத்துக்கொண்டு? இவனைக் கொன்றுபோடலாம் என்றுதான் இருந்தது. ஆனாலும் அவன் என் அண்ணன். எல்லைக்கு அப்பால் ஓடிவிடு, குதிரை ஏற்பாடு செய்கிறேன் என்று கெஞ்சினேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான், ஆமாம் என்றா இல்லை என்றா தெரியவில்லை.

ஜூன் 23, திங்கள்

ஓடவில்லை. ஜன்னலுக்கு வந்து, வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் தொப்பியைக் கழற்றினான். "நாவலைப் பத்தி என் கருத்து, எழுதிக்கோ" என்றான்.

எழுத மாட்டேன் என்றேன். "அந்தம்மா சொன்னதை எழுதுன கைதானே இது?" என்றான். எழுதிக்கொண்டேன்.

மாலை ஆறு மணிக்கு என் வாயாலேயே வாசித்தேன்: "பெலார்மினோ இனயாவோவின் கருத்து. அமாரோ நல்லவன். ஒரே அடியில முடிச்சான். நான் உசுரோட விட்டுட்டு வந்தேன். தீப்பெட்டி எங்கிட்ட இருந்துச்சு. செத்துட்டாருன்னு சொன்னது பொய். சோத்தோ வீட்டுக்கு ஒரு செய்தி: கோடாலி என் வாசல்லதான் இருக்கு."

குரல் உடையாமல் வாசித்துவிட்டேன். பிறகு நாவலைத் திறக்க முடியவில்லை. பாட்டைப் போட்டுவிட்டேன்.

ஜூன் 25, புதன்

அண்ணன் போயிட்டான்.

நான்தான் முதல்ல பார்த்தேன். கதவு விரியத் திறந்து கிடந்துச்சு, பனி உள்ள வரைக்கும் அடிச்சிருந்துச்சு. நாற்காலியில உட்கார்ந்தபடியே மேசை மேல சாய்ஞ்சு கிடந்தான். பின்மண்டை இல்ல. மாத்தே குவளைக்குள்ள... எழுத வேண்டாம். எதுக்கு எழுதணும்?

பின்னாடி இருந்து வெட்டியிருக்கான், கோழைப் பய. முகத்தைப் பார்த்து அடிக்கத் துப்பு இல்ல. நாய்க்கு ஒரு கத்தி, மனுசனுக்கு ஒரு கோடாலி. அவன் கை அழுகட்டும்.

ஜூன் 28, சனி

புதைத்தாயிற்று. தரை இறுகிக் கிடந்தது, கடப்பாரையால் உடைத்தார்கள். ரிகோபெர்த்தோ தானாகவே காவல் நிலையத்துக்குப் போய்க் கோடாலியைக் கொடுத்தானாம். நகரத்துச் சிறைக்குக் கொண்டுபோகப் படகு வரும்வரை இங்கேதான் பூட்டி வைத்திருப்பார்கள்.

லிந்தோர் கடையில் பழைய சண்டையே மறுபடியும். ரிகோபெர்த்தோ செய்தது சரி என்று பாதிப் பேர், தப்பு என்று பாதிப் பேர். ஆட்கள் மட்டும் சிலர் கட்சி மாறியிருக்கிறார்கள். நாவலை எப்போது தொடர்வாய் என்று என்னிடமே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருத்தி சாவு வீட்டு ஆட்டுக்கறியை மென்றுகொண்டே கேட்டாள்.

ஜூலை 5, சனி

புத்தகத்தை அடுப்பில் போட்டேன். அட்டை கெட்டி, எரிய நேரம் பிடித்தது. கம்பியால் குத்திக் குத்தி எரித்தேன்.

ஜூலை 12, சனி

நாளைக்குப் படகு. இளைய போலீஸ்காரர் ஜன்னலுக்கு வந்து, ரிகோபெர்த்தோ ஒரு செய்தி சொல்லி அனுப்பியிருக்கிறான் என்றார். "உங்களுக்குத்தான்க்கா. வேணாம்னா சொல்லுங்க, நான் மறந்துர்றேன்."

சொல்லுங்கள் என்றேன். எழுதிக்கொண்டேன். ஆறு மணிக்கு வாசித்தேன்:

"நோல்ஃபா இனயாவோவுக்கு. கொல்லணும்னுதான் போனேன். கதவு தெறந்து இருந்துச்சு, அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. உங்கண்ணன் முழிச்சுத்தான் இருந்தாரு. எனக்கும் ஒரு மாத்தே ஊத்திக் கொடுத்தாரு. குடிச்சேன். அப்புறம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகு காட்டி உக்காந்துக்கிட்டாரு. என்னால முடியலண்ணே, எந்திரிங்கன்னேன். எந்திரிக்கல. ஒரே அடிதான்க்கா."

அடுத்தது மயோர்கா வீட்டுக்கு: வெள்ளைப் பசு கிடைத்துவிட்டது, தேட வேண்டாம்.