பிளாஸ்திரி சுற்றிய மட்டை

லாட்ஜ் கவுன்டரில் உட்கார்ந்து இன்று ஒரு பிளாஸ்திரி உருளையைப் பிரித்தேன். ஊசி குத்திய இடத்தில் ஒட்டுவார்களே, அந்த வெள்ளைத் துணிப் பிளாஸ்திரி. அதன் பசை வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு வந்தது கண்ணீர் இல்லை, கோபம். போனவர்களை நினைத்தால் நெஞ்சு கனக்கும் என்கிறார்கள். உன்னை நினைத்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, எனக்கு இன்னும் ஆறவில்லை.

மேசைமேல் உன் ஹாக்கி மட்டை கிடக்கிறது. பிடியின் நுனியில் நீ சுற்றிவைத்த பிளாஸ்திரி கறுத்து, நைந்து, உரிந்துவிட்டது. அதைக் கத்தியால் சுரண்டிவிட்டுப் புதிதாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அறைச் சாவி கேட்டு வந்த ஒருவர் "இதி ஏமிடி மேடம்?" என்று தெலுங்கில் கேட்டார். "என் பகையாளியோட மட்டை" என்று தமிழிலேயே சொன்னேன். புரிந்ததுபோலத் தலையை ஆட்டிவிட்டு மாடிக்குப் போனார்.

நாம் அறிமுகமானதே பிள்ளைகளால்தான். திருப்பதி ஸ்கேட்டிங் தளத்தில் அவர்களை வகுப்புக்கு விட்டுவிட்டு, சுற்றுச்சுவரில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த அம்மாக்கள் நாம். நான் என் மகனைத் தமிழில் திட்டுவதைக் கேட்டு நீயாகத்தான் வந்தாய். "இன்னாமே, நகரிப் பக்கமா? திட்டுறதுலயே தெரியுது" என்றாய். நான் நகரியில் விசைத்தறி வீட்டுப் பெண், திருச்சானூர் லாட்ஜில் வாழ்க்கைப்பட்டவள். நீ சத்தியவேடு பக்கத்து விவசாயக் குடும்பம், திருப்பதி ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். பிள்ளைகள் பத்தாம் வகுப்பு வந்ததும் கோச்சிங், டியூஷன் என்று சக்கரங்களைக் கழற்றி எறிந்துவிட்டுப் போய்விட்டார்கள். அதற்குள் நமக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

பிள்ளைகளுக்கும் அப்புறம் நமக்கும் ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுத்த மாஸ்டர்தான் அந்தப் பித்தைக் கிளப்பிவிட்டவர். எங்கோ பனிதேசத்தில் நம் வயதுப் பெண்கள் ஐஸ் ஹாக்கி ஆடுவதைப் போனில் காட்டினார். நரைத்த தலைகள், தொப்பை, மூச்சிரைப்பு, நடுநடுவே விழுந்து புரண்டு சிரிப்பு. "இதே ஆட்ட மேடம், ஐஸ் ஒக்கட்டே லேது" என்றார். ஐஸ் ஒன்றுதான் இல்லையாம், ஏதோ உப்பு மட்டும் குறைகிற மாதிரி. பனிக்குப் பதில் சிமென்ட் தரை, காலில் இரும்புப் பட்டைக்குப் பதில் சக்கரம், அடிப்பதற்கு ஒரு கறுப்பு வட்டு. மற்றபடி விதியெல்லாம் ஐஸ் ஹாக்கிதான். சுடிதாருக்குமேல் முழங்கால் கவசம், தலையில் பிள்ளைகளின் பழைய ஹெல்மெட். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் ஆடி முடித்துவிட வேண்டும்.

"இந்த ஊரு வெயில்ல குல்ஃபியே நிக்கமாட்டேங்குது, இவ ஐஸ் ஹாக்கி ஆடப் போறாளாம்" என்று என் வீட்டுக்காரர் லாட்ஜுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஞாயிறு காலை அறை காலி செய்கிற கூட்டத்தை அவர் தலையில் கட்டிவிட்டு வந்துவிடுவேன். அந்தக் கடுப்பு அவருக்கு.

அணி பிரிக்க நமக்கு ஒரு முறை இருந்தது. எல்லாரும் மட்டைகளைத் தளத்தின் நடுவில் குவித்துப் போட வேண்டும். ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு மண்டியிட்டு, கைக்கு வந்ததை வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று தள்ள வேண்டும். மட்டை எந்தப் பக்கம் விழுகிறதோ, மனுஷி அந்தப் பக்கம். மாற்றிக் கேட்கக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. அந்த வேலையை முதல் நாளே நீ எடுத்துக்கொண்டாய். "கை சுத்தமா இருக்கறது நான் ஒருத்திதான்" என்று துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். நர்ஸ் கையாயிற்றே, யார் மறுத்துப் பேசுவார்கள்?

அன்றைக்கு நீ எனக்கு எதிர்ப்பக்கம். அடுத்த வாரமும் எதிர்ப்பக்கம். அதற்கப்புறம் நீ போகிறவரை ஒரு வாரம்கூட நாம் ஒரே பக்கம் நின்றதில்லை. நான் அதை விதி என்று நினைத்தேன். பெருமாளே பார்த்து எனக்கு ஒரு பகையாளியைக் கொடுத்திருக்கிறார், வருகிறபடி வரட்டும் என்று மட்டையைப் பிடித்தேன்.

ஒருநாள் ஆள் குறைவாக வந்தபோது மாஸ்டர் நம் இருவரையும் ஒரே பக்கம் நிற்கச் சொன்னார். நீ அங்கேயே உட்கார்ந்து சக்கரத்தின் வாரை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டாய்.

"செத்தாலும் இவ பக்கம் ஆடமாட்டேன். இவகூட நின்னா எனக்குத் தூக்கம் வரும் மாஸ்டர்."

எல்லாரும் சிரித்தார்கள், மாஸ்டரும் விட்டுவிட்டார். என் முகம் எப்படிச் சுண்டிப்போனது என்று உனக்குத் தெரியுமா? நான் அவ்வளவு மட்டமாகவா ஆடினேன்? அன்று வீட்டுக்கு வந்து சாம்பாரில் உப்பை இரண்டு முறை போட்டேன். அந்த வார்த்தையை அன்றே மனசுக்குள் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அப்புறம் மணிக்கட்டு. நம் ஆட்டத்தில் உடம்பால் இடிக்கக் கூடாது, முதல் விதியே அதுதான். நான் வட்டைத் தள்ளிக்கொண்டு கோல் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் யாரும் இல்லை, அது நிச்சயம் கோல். பக்கவாட்டிலிருந்து நீ வந்தாய். இடுப்பால் ஒரே ஒரு தள்ளு. நான் சுவரில் போய் மோதி, கை மடங்கி விழுந்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

எழுந்து உட்காருவதற்குள் நீ பக்கத்தில் இருந்தாய். தண்ணீர் பாட்டில் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கைக்கு அடியில் வைத்து, உன் பையிலிருந்து பிளாஸ்திரியை எடுத்துச் சுற்றினாய். உன் வாய் மட்டும் நிற்கவே இல்லை. "எதுக்குமே என்மேல வந்து மோதிக்கினே? பாத்து வரக்கூடாதா?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாய். வார்டில் பேசிப்பேசிப் பழகிய அந்தக் குரலை யார்தான் நம்பமாட்டார்கள்? மாஸ்டர்கூட "பர்வாலேது மேடம், பர்வாலேது" என்று எனக்கு ஆறுதல் சொன்னார், நானே தப்பு செய்த மாதிரி.

உன் ஸ்கூட்டரிலேயே உன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாய். வரிசையில் முந்த வைத்து எக்ஸ்ரே எடுக்கச் செய்தாய். மாவுக்கட்டு போடும்வரை ஐஸ் பையை என் மணிக்கட்டில் நீயே பிடித்துக்கொண்டிருந்தாய். ஐஸ் ஹாக்கியில் நான் கண்ட ஒரே ஐஸ் அதுதான். டாக்டர் வந்து கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ பதில் சொல்லிவிட்டாய். "அக்கா தானா வுழுந்துட்டாங்க சார்." நான் உன்னைவிட மூத்தவளும் இல்லை, தானாக விழவும் இல்லை.

அன்றைக்கே முடிவு செய்தேன், உன்னை ஒருநாள் அதே சுவரோரமாக மல்லாக்கத் தள்ளி, "தானா வுழுந்துட்டியாமே?" என்று கேட்கப் போகிறேன் என்று.

கட்டுப் பிரிக்கிறவரை சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. உன் நாத்தனார் குடும்பம் மலைக்கு வந்தபோது ஜெனரேட்டரை ஒட்டின அறையைக் கொடுத்தேன். ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை, எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நீயும் லேசுப்பட்டவளா? நான் ரத்தப் பரிசோதனைக்கு வந்த அன்று இரண்டு தடவை குத்தினாய். "நரம்பு கெடைக்கலமே, இன்னா துன்றே நீ?" என்று பெருமூச்சு வேறு விட்டாய். இருபது வருஷ சர்வீஸ் நர்ஸுக்கு நரம்பு கிடைக்கவில்லையாம்!

கை சரியானதும் தினமும் மொட்டைமாடியில் பழகினேன். துணி காயப்போடுகிற இடத்தைப் பெருக்கி, தண்ணீர்த்தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே போய்ப்போய் வந்தேன். நீ எப்படித் திரும்புவாய், எந்தக் கால்மேல் சாய்ந்து நிற்பாய், எல்லாம் எனக்கு மனப்பாடம். நைட் டியூட்டி முடிந்து நேராகத் தளத்துக்கு வருகிற நாளில் உன் இடது பக்கம் கொஞ்சம் மந்தமாக இருக்கும். அந்த இடது பக்கத்துக்காகத்தான் காத்திருந்தேன். உன் டியூட்டி அட்டவணையைக்கூட விசாரித்து வைத்திருந்தேன். வருகிற ஞாயிறுதான் என்று குறித்தும் வைத்துவிட்டேன்.

நீ வியாழக்கிழமை போனாய்.

வார்டிலேயே, ஒரு நோயாளிக்கு டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருக்கும்போது, தலையில் ரத்தக்குழாய் வெடித்ததாம். கூட வேலை செய்த பெண் போனில் சொன்னபோது எனக்கு முதலில் தோன்றியதை அப்படியே எழுதுகிறேன், நீ ஒன்றும் வெளியாள் இல்லை. தப்பித்துவிட்டாள், ஏமாற்றிவிட்டுப் போய்விட்டாள் என்றுதான் தோன்றியது. உன் ஊருக்கு வந்து, உன் காலடியில் நின்று, எல்லாரும் அழுதுகொண்டிருக்கும்போது என் மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. எழுந்திருடி, ஞாயிற்றுக்கிழமை வரைக்குமாவது இரு என்று உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

கிளம்பும்போது உன் வீட்டுக்காரர் இந்த மட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். "இத வெச்சிக்கினு நான் இன்னாம்மா பண்ணுவேன்? நீயே எட்த்துக்கினு போ. ஊட்டுக்கு வந்தா ஒன்னப்பத்திதான் ஓயாம பேசிக்கினு இருப்பா" என்றார். இன்னா பேசுவா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. மட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சில வாரம் ஆட்டம் நடக்கவில்லை. பிறகு மாஸ்டர் எல்லாரையும் கூப்பிட்டார். உன் மட்டையும் குவியலில் இருக்கட்டும், மட்டை இல்லாமல் வருகிறவர்கள் அதை வைத்து ஆடட்டும் என்றார். வங்கி வேலைக்கு மாற்றலாகி வந்த ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள், அவளுக்குத்தான். எல்லாம் சரி, பிரிக்கிறது யார்? ஒருத்தரும் முன்னால் வரவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு, நீ மண்டியிடுகிற இடத்தில் மண்டியிட்டேன்.

குவியலுக்குள் கையை விட்டேன். கடையில் வாங்கின கறுப்பு டேப் சுற்றிய பிடிகள், ஒன்றைப்போலவே இன்னொன்று. எது யாருடையது என்று சொல்லவே முடியாது. அதற்கு நடுவே ஒன்று மட்டும் வழவழவென்று, விளிம்பில் பசை பிசுக்கோடு விரலில் பட்டது. பிளாஸ்திரி, உன்னுடையது. இன்னும் கொஞ்சம் துழாவினேன். சொரசொரவென்று, முடிச்சுப்போட்ட துணி. வியர்வையில் வழுக்கக் கூடாது என்று நகரிப் புடவையின் கரையைக் கிழித்து நான் சுற்றியிருந்தது. என்னுடையது.

அந்தக் குவியலில் கண்ணைக் கட்டிக்கொண்டும் அடையாளம் தெரிகிறவை இரண்டே இரண்டுதான், நம்முடையவை.

இருட்டுக்குள் நரம்பைத் தடவித் தேடிப் பிடிக்கிற விரல் உனக்கு. உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? விதியாம், பெருமாளாம். எல்லாம் நீ. ஒவ்வொரு ஞாயிறும் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, என்னைத் தேடி எடுத்து, உனக்கு எதிர்ப்பக்கம் தள்ளியிருக்கிறாய். ராத்திரி முழுக்க வார்டில் நின்றுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுக்காமல் தளத்துக்கு வந்து, என்னை எதிரில் நிறுத்திக்கொண்டாய். கூட நின்றால் தூக்கம் வரும் என்றாயே, அதை நான் தப்பாக எடுத்துக்கொண்டேன். எதிரில் நான் இருந்தால்தான் உனக்கு விழிப்பு. உன் வீட்டுக்காரர் சொன்னது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மண்டியிட்டபடியே அழுதேன். துப்பட்டா நல்லதாயிற்று, யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அழுதது கொஞ்ச நேரம்தான். இவ்வளவு காலம் என்னை முட்டாளாக்கி வைத்திருந்தாயே என்று கோபம் வந்துவிட்டது. சுவரோரமாக உன்னை இனித் தள்ள முடியாது. "தானா வுழுந்துட்டியாமே" என்று கேட்க முடியாது. ஆனால் பிரிக்கிற வேலை இப்போது என் கையில்.

என் மட்டையை வலப்பக்கம் தள்ளினேன். இடப்பக்கம் வேறொன்றைத் தள்ளிவிட்டு, உன்னுடையதைத் தேடி எடுத்தேன். அதையும் வலப்பக்கம் தள்ளினேன்.

அன்று ஆட்டத்தின் நடுவில் அந்தப் புதுப்பெண் உன் மட்டையால் எனக்கு வட்டைத் தட்டிவிட்டாள். உன் மட்டையிலிருந்து எனக்கென்று வந்த முதல் வட்டு. அந்தப் பிளாஸ்திரி பிடி இந்தப் பக்கம் திரும்பினாலே தடுக்கத்தான் என் உடம்புக்குத் தெரியும், வாங்கத் தெரியாது. வட்டு காலடியில் உருண்டு வெளியே போய்விட்டது. எல்லாரும் கத்தினார்கள். நீ இருந்திருந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

இப்போது வாங்கப் பழகிவிட்டேன். மழைக்கு மேகம் கட்டினால் மணிக்கட்டு மட்டும் வலிக்கிறது, அதை நான் எங்கே போனாலும் தூக்கிக்கொண்டுதான் போகிறேன். அந்தப் புதுப்பெண் இந்தப் பிளாஸ்திரியை எடுத்துவிட்டுக் கறுப்பு டேப் சுற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். கையை உடைத்துவிடுவேன் என்றேன். உரிந்துபோனால் கண்ணைக் கட்டிக்கொண்டு உன்னை எப்படிக் கண்டுபிடிப்பேன்? அதனால்தான் மெடிக்கல் ஷாப்பில் இந்த உருளையை வாங்கிவந்தேன்.

சுற்றி முடித்துவிட்டேன். நீ சுற்றுகிற மாதிரியே நுனியில் ஒரு மடிப்பு விட்டிருக்கிறேன். நாளை ஞாயிறு. செத்தாலும் என் பக்கம் ஆடமாட்டேன் என்றாயே, ஆடுடி.