மோரில் விளாவிய தண்ணீர்

வெண்ணந்தூர்

அன்பு மகள் தனப்பிரியாவுக்கு அம்மா சௌந்திரம் எழுதுவது. அப்பாவும் நானும் எழுந்து நடமாடும் அளவுக்குத் தேறிவிட்டோம். கனடாவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசினால் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்ல முடிவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் சித்தப்பா மருதாசலம் பேத்தியின் காதுகுத்துக்கு நான்தான் சமைத்தேன், நீங்க ஆக்குனாத்தானுங்க அண்ணி ருசி என்று அவரே வந்து கூப்பிட்டார். விருந்து முடிந்து ஒரு வாரம் போனதும் உறவில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு, சளியும் ரத்தமுமாகப் போனது. கோயிலில் ஊரே கூடியிருக்கும்போது, அண்ணி கைய ஒழுங்காக் கழுவாம ஆக்கிப்போட்டதுதானுங்க இத்தனைக்கும் காரணம் என்று உன் சித்தப்பா சொன்னார். சாமி, நின்ற இடத்திலேயே செத்திருக்கலாம் என்றிருந்தது. அப்புறம் பங்காளி வீட்டு வளைகாப்பில் காய் அரிய உட்கார்ந்தேன், நீங்க சும்மா உக்காருங்கக்கா என்று அரிவாள்மனையை இழுத்துக்கொண்டார்கள்.

அப்பாவுக்குப் போக்கு நின்றும் காய்ச்சல் விடவில்லை, வலது விலாவுக்குக் கீழே தொட விடாமல் துடித்தார். சேலத்துக்குக் கொண்டுபோனோம், ஈரலில் சீழ் கட்டியிருக்கிறது என்று ஊசி போட்டு உறிஞ்சி எடுத்தார்கள். அமீபா என்கிற கிருமியாம், மலம் கலந்த தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வயிற்றுக்குள் போவதாம். கொதித்த குழம்பிலும் ரசத்திலும் அது பிழைக்காது, பச்சைத்தண்ணீர் எங்கே குடித்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். அப்போதுதான் எனக்கு மோர் ஞாபகம் வந்தது. விருந்தில் ஊற்றிய அண்டா மோரை உன் சித்தப்பா வீட்டு நிலத்தொட்டித் தண்ணீரை மொண்டுதான் விளாவினார்கள். அப்பா படுக்கையிலிருந்தே உன் சித்தப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னார். பிளம்பர் பூபதி தொட்டியை இறைத்துப் பார்த்தால், கக்கூஸ் குழிப் பக்கத்துச் சுவர் வெடித்துக் குழித்தண்ணீர் உள்ளே ஊறிக்கொண்டிருந்திருக்கிறது.

உன் சித்தப்பா சத்தமில்லாமல் சிமெண்ட் பூசிவிட்டார். ஊர் முன்னால் சொன்னதை ஊர் முன்னாலேயே மாற்றிச் சொல்லுங்கள் என்று போய்க் கேட்டேன். போனதக் கெளறாதீங்க அண்ணி, சின்னவளுக்கு மாப்பிள்ளை பாக்கறமுங்க என்றார். அந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன், மிதிக்கச் சொல்லி நீயும் கேட்காதே.

அவர் பேச்சைக்கூட ஆற்றிக்கொள்வேன். அந்த வாரம் நீ போன் போட்டபோது நானும் பாயில் சுருண்டுதான் கிடந்தேன். உனக்கு எப்படி இருக்கு என்று நீ கேட்கவில்லை தனம். கைய நல்லாக் கழுவுனயாம்மா என்றுதான் கேட்டாய்.

ஊருக்கு வந்தால் பிள்ளைக்கு எங்கேயும் கொதிக்க வைக்காத தண்ணீரைக் கொடுத்துவிடாதே. மகராசியாக இரு. உன் பிள்ளை உன்னிடம் ஒருநாளும் அப்படியொரு கேள்வி கேட்காமல் வளரட்டும்.

உன்னைப் பெற்றவள்,
சௌந்திரம்