கப்பலுக்குக் கொண்டுபோன வயர்

அப்புத்தளை ஸ்டேஷனில் வடை வாங்கினேன். சுற்றித் தந்த பேப்பரில் ஒரு படம். ஏதோ வெளிநாட்டுத் துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்குக் கரையிலிருந்து கை தடிமனுக்கு ஒரு வயர் போகிறது. காற்றாலை மின்சாரமாம். கரையில் நிற்கும்வரை கப்பல் எஞ்சினை அணைத்துவிடுகிறார்களாம். நான் சிரித்த சிரிப்பில் வடைக்காரர் பயந்துபோனார். உன்னிடம் காட்ட வேண்டும்போல் இருந்தது. நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது.

மடுல்சீமைத் தோட்டத்தில் நீ தேயிலை லொறி டிரைவர், நான் தொழிற்சாலை எலக்ட்ரீசியன். தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் என்று லொறியில் பீடிகூடப் பிடிக்கமாட்டாய். கையில் கருவாடு வைத்திருந்த கங்காணியை ஏற்ற மறுத்து, கொட்டும் மழையில் நடக்கவிட்டவன் நீ.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் கொழும்பிலிருந்து கோபமாகத் திரும்பினாய். துறைமுகத்தையொட்டிய கிடங்கில் நம் தேயிலைப் பெட்டிகளை இறக்கும்போது, கட்டி நின்ற கப்பல் புகை கக்கிக்கொண்டே இருந்ததாம். நகராத கப்பலுக்கு எஞ்சின் எதற்கு என்று கேட்டாய். உள்ளே விளக்கு, விசிறி, சமையல் எல்லாவற்றுக்கும் டீசலில்தான் கரண்ட் எடுக்கிறது என்றேன். நம் தொழிற்சாலையோ ஓடைத் தண்ணீரில் எடுத்த கரண்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"கயித்தைப் போட்டுக் கட்டுறாங்கல்ல, கூடவே ஒரு வயரையும் போட்டா என்ன?" என்றாய்.

அடுத்த லோட்டில் என்னையும் ஏற்றிக்கொண்டாய். நான் வந்தது கடல் பார்க்க. சீட்டுக்குப் பின்னால் ஒரு சுருள் வயர் இருந்தது எனக்குத் தெரியாது.

யுத்தகாலம். வழியில் சோதனைச் சாவடி. இரண்டு தமிழர், ஒரு சுருள் வயர். எதற்கு என்று அதிகாரி கேட்டார். ஏதாவது பொய் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். நீ அரைகுறைச் சிங்களத்தில் உண்மையைச் சொன்னாய்: கப்பலுக்கு.

நம்மைப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். என்னிடம் கேட்டபோது, இவனை எனக்கு அவ்வளவாகத் தெரியாது, கடல் பார்க்க வந்தேன் என்றேன். இருபது வருஷமாகப் ஒரே லயத்து வரிசை வீட்டில் பக்கத்துப் பக்கத்துக் காம்பரா. நீ திரும்பி என்னைப் பார்த்தாய்.

மத்தியானம் துறைமுகத்திலிருந்து ஒரு எஞ்சினியரை அழைத்துவந்தார்கள். யாழ்ப்பாணத்தவர். வயரைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "இது கப்பலின்ர தேத்தண்ணிக் கேத்தலுக்கும் காணாது, தம்பி."

கப்பலின் கரண்ட் வேறு மாதிரி, நம் கரண்ட் வேறு மாதிரி என்றும் விளக்கினார். நீ விடவில்லை. மாற்றிக் கொடுக்க நடுவில் ஒரு மெஷினை வைக்கலாமே என்றாய். அவர் சிரிப்பு நின்றது.

"நீர் சொல்றது பிழையில்லை. ஆருக்கும் அந்தக் கவலைதான் இல்லை."

அவரே கையெழுத்துப் போட்டு நம்மை மீட்டார். வயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

திரும்பும்போது மலையேறும்வரை லொறியை நிறுத்தாமல் ஓட்டினாய். பெரகலையில் டீ குடிக்கையில்தான், "பயந்துட்டியா?" என்றாய். ஆமாம் என்றேன். "நானுந்தான்" என்றாய்.

மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்கள் எனக்கு வழிவிட்டு நின்றார்கள். எஞ்சினியரோடு கரண்ட் கணக்குப் பேசி உன்னை மீட்டுவந்தது நான்தான் என்று லயம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாய். மறுக்கப் போனேன்.

"சும்மா இரு. தோட்டத்துல தைரியமானவன்னு ஒருத்தனாவது இருந்துட்டுப் போகட்டும்" என்றாய்.

அன்றிலிருந்து எதற்கெடுத்தாலும் என்னைத்தான் முன்னால் தள்ளுகிறார்கள். போன மாதம் லயங்களுக்குத் தண்ணீர்க்குழாய் கேட்டுத் தோட்டத்துரையின் ஆபீசுக்குப் போனோம். எனக்கு ஓடிவிடலாம்போல் இருந்தது. கதவருகே நின்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் இருபது பேர். ஒருவருக்கும் உண்மை தெரியாது.

கதவைத் தட்டினேன்.